மாடிப்படி ஏற முடியவில்லை என்பதற்காக வீட்டை விற்கலாமா?

கேள்வி: அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வயது 69. ஓய்வூதியம் 42,000 ரூபாய். திருச்சியில் 1996-இல் கட்டிய மாடி வீட்டில் நானும் மனைவியும் வசிக்கிறோம். படுக்கையறைகள் மாடியில் உள்ளன. மனைவிக்கு மூட்டுத் தேய்மானம். வீட்டை 75 லட்சத்துக்கு விற்று, கோவையில் முதியோருக்கான குடியிருப்பு ஒன்றில் 65 லட்சத்துக்கு வீடு வாங்கும்படி மகன் வற்புறுத்துகிறான். அங்கே உணவு, பராமரிப்புக்கு மாதம் 28,000 ரூபாய் ஆகும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 20 லட்சமும், வங்கி வைப்பில் 9 லட்சமும் உள்ளன. என்ன செய்வது?

பதில்: உங்கள் மகனின் கவலை நியாயமானது. ஆனால், உங்களுக்கு இன்று தேவைப்படுவது வேறு ஊரில் ஒரு வீடு அல்ல, கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் வழுக்காத குளியலறையும்தான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், தரகு, உள்வேலை ஆகியவை போக, விற்ற பணத்தில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. மாதக் கட்டணம் ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால், 12 ஆண்டுகளில் அது 56,000 ரூபாயைத் தாண்டும். உங்கள் காலத்துக்குப் பிறகு மனைவிக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். நீங்கள் 50 சதவீதம் பெறுகிறீர்கள் என்று கொண்டால், இன்றைய 42,000 அவர் கைக்கு 25,000 ரூபாய் அளவில்தான் வரும். அகவிலைப்படி ஏறும், ஒருவருக்கான உணவுச் செலவும் குறையும். ஆனால் பராமரிப்புக் கட்டணம் அப்படியே நிற்கும். முதியோருக்கு மட்டுமே விற்கக்கூடிய வீட்டுக்கு, அவசரத்துக்கு ஆள் கிடைப்பதும் எளிதல்ல.

ஆகவே, வங்கி வைப்பிலிருந்து 4 லட்சம் வரை எடுத்து, இருக்கும் வீட்டை மாற்றுங்கள். கீழே உள்ள கூடத்தின் ஒரு பகுதியைத் தடுத்துப் படுக்கையறையாக்கி, அதை ஒட்டிக் குளியலறை அமையுங்கள். கதவு 3 அடி அகலம் இருந்தால், பின்னாளில் சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் மீண்டும் சுவரை இடிக்க வேண்டியிருக்காது. அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே மறித்துவிடும். வாசலில் சாய்தளம் போடுவதானால், ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். இடம் போதவில்லை என்று செங்குத்தாகப் போட்டால் அது படியைவிட ஆபத்தானது. காலியாகும் மாடிக்கு வெளிப்புறமாகப் படிக்கட்டு வைத்து வாடகைக்கு விட்டால், வருமானத்தோடு, இரவில் கூப்பிட்டால் வரும் துணையும் கிடைக்கும். அந்தப் படிக்கட்டுக்குத் தனியே மதிப்பீடு வாங்குங்கள்.

பிற்காலத்தில் பணம் போதாவிட்டால், 60 வயதைக் கடந்தவர்களுக்கான தலைகீழ் அடமானக் கடன் இருக்கிறது. வீட்டில் குடியிருந்துகொண்டே வங்கியிடம் தவணையாகப் பணம் பெறலாம். அந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை. உங்களுக்குப் பின் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். இந்த வழி திறந்திருக்க வேண்டுமானால் வீடு உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். மகன் பெயருக்கு இப்போதே செட்டில்மெண்ட் எழுத வேண்டாம். மனைவிக்கு முழு உரிமை தரும் உயிலைப் பதிவு செய்யுங்கள்.

கோவைக் குடியிருப்பை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. வாடகைக்கு இடம் தருகிறார்களென்றால், வேலை நடக்கும் 2 மாதங்கள் அங்கே தங்கிப் பாருங்கள். அம்மையாருக்கு அந்த வாழ்க்கை பிடித்துப்போனால், மேற்சொன்ன கணக்கை மகனோடு உட்கார்ந்து மறுபடி போடலாம். ஆனால், புறப்படும் முன் மேஸ்திரி வரும் நாளில் அம்மையாரையும் அருகில் நிறுத்தி, குளியலறைக் கைப்பிடி அவர் கைக்கு எட்டும் உயரத்தைச் சுவரில் குறித்துக் கொடுங்கள்.