குஞ்சுக் கொட்டகைக்குப் புகைப்போக்கி இல்லாத ஹீட்டர் வேண்டாம்

கேள்வி: ஐயா, 2,000 பிராய்லர் குஞ்சு விட்டிருக்கிறேன். குஞ்சுகளைச் சூட்டில் வைக்கும் புரூடிங் பகுதி 12 மீட்டருக்கு 6 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர். 15 கிலோவாட் டீசல் ஹீட்டரை உள்ளேயே வைத்து, படுதாவை இறுக்கி மூடி இரவெல்லாம் ஓட்டுகிறேன். தெர்மாமீட்டர் 33 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் குஞ்சுகள் தீவனத்துக்கு எழுந்து வராமல் கண்ணை மூடிச் சாய்ந்து கிடக்கின்றன. கூளமும் ஈரமாகிறது. உள்ளே கொஞ்ச நேரம் இருந்தால் எனக்கே தலை வலிக்கிறது. டீலர், சூடு போதவில்லை, 50 கிலோவாட் வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இருக்கிற ஹீட்டரையும் இன்றே நிறுத்திப் படுதாவைத் திறந்துவிடுங்கள். இப்போதைக்கு மின்பல்பு புரூடரில் ஓட்டுங்கள். வெளியே வந்ததும் தலைவலி குறைகிறது என்றால், நீங்கள் சுவாசிப்பது கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். வாந்தி, கிறுகிறுப்பு இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

அளவு கேட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இடம் 180 கன மீட்டர். வெளியே 18 டிகிரி என்றால் 15 டிகிரி ஏற்ற வேண்டும். இரண்டையும் பெருக்கி, படுதா கட்டிய சாதாரணக் கொட்டகையில் சூடு கசிவதற்கு 3 என்ற கணக்கில் மறுபடி பெருக்கினால் மணிக்கு 8,100 கிலோகலோரி. அதைக் கிலோவாட்டாக மாற்ற 860-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒன்பதரை கிலோவாட். காற்றோட்டத்தில் போகிற சூட்டையும் சேர்த்தால் 15 சரியான அளவுதான். 33 டிகிரி வந்துவிட்ட பிறகு சூடு போதவில்லை என்பவர், தெர்மாமீட்டரைப் பார்க்காமல் விலைப்பட்டியலைப் பார்த்துப் பேசுகிறார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, புகை எங்கே போகிறது என்பதைத்தான். புகைப்போக்கி இல்லாத ஹீட்டரில் எரிந்தது அத்தனையும் கொட்டகைக்குள்ளேயே வரும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிப்படும், கூடவே இரண்டரை கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. 15 கிலோவாட் ஹீட்டர் பத்து மணி நேரம் விடாமல் ஓடினால் 15 லிட்டர் தண்ணீர். உங்கள் கூளம் வேறு எப்படி இருக்கும்? குஞ்சுகள் குளிரில் ஒடுங்கினால் கும்பலாக நெருக்கியடிக்கும், கத்தும். உங்கள் குஞ்சுகள் கிடந்த இடத்திலேயே சோர்ந்து கிடக்கின்றன, அது கெட்ட காற்று.

இதை விற்கும்போது 'நூறு சதவீதச் சூடும் உள்ளே' என்பார்கள். உண்மைதான், நூறு சதவீதப் புகையும் உள்ளேதான். புகைப்போக்கி வைத்த ஹீட்டரில் சூட்டில் பத்து, இருபது சதவீதம் வெளியே போகும். போகட்டும். உயிர் வளர்க்கிற இடத்தில் அந்த டீசலை நான் நஷ்டக் கணக்கில் எழுதவே மாட்டேன். புகைப்போக்கி வைத்த ஹீட்டரைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தி, சூடான காற்றைக் குழாய் வழியாக உள்ளே விடுங்கள். புகைப்போக்கியின் வாய் காற்று உள்ளே வரும் பக்கம் இருக்கக் கூடாது. அப்போதும் படுதாவின் மேல்விளிம்பில் இடைவெளி விட வேண்டும், குஞ்சுகளே காற்றைக் கெடுக்கும்.

பழைய ஹீட்டர் வாங்கினால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: தீ அணைந்தால் எண்ணெயை நிறுத்தும் சென்சாரை, அடிக்கடி அணைகிறது என்று மெக்கானிக் நேரடியாக ஒயர் போட்டு வேலை செய்யாமல் ஆக்கியிருப்பார். அப்படியிருந்தால் தொடாதீர்கள். கோழித் தூசியால் ஃபில்டர் அடைத்தாலும் எரிப்பு கெட்டுக் கரி படியும், அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யுங்கள். நிறுத்தும்போது பிளக்கைப் பிடுங்காமல், ஸ்விட்சில் அணைத்து விசிறி தானாக நிற்கும்வரை விடுங்கள். ஆறிய பிறகே டீசல் ஊற்ற வேண்டும். பெட்ரோலைக் கலக்கவே கூடாது.

அப்புறம், எண் காட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்குங்கள். வீட்டு அலாரங்கள் 50 பிபிஎம்மில்கூட (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு) ஒரு மணி நேரம் கழித்தே கத்தும், அதனால் எண்ணைப் பார்ப்பதுதான் முக்கியம். கொட்டகையில் அது 10-க்குக் கீழே நிற்க வேண்டும். அடுத்த பேட்ச் இறக்குவதற்கு முந்தைய நாள், காலிக் கொட்டகையில் ஹீட்டரை ஓட்டவிட்டு வெளியே நில்லுங்கள். சில மணி நேரம் கழித்து, கதவைத் திறந்து எண்ணைப் பார்த்த பிறகு உள்ளே காலை வையுங்கள்.