சோளக்காட்டில் பார்த்தீனியம்: பாலில் கசப்பு ஏன்?

கேள்வி: மானாவாரியாகச் சோளமும் ஊடுபயிராகத் தட்டைப்பயறும் விதைக்கிறேன். வரப்பிலும் தரிசிலும் பார்த்தீனியம் மண்டிவிட்டது. சில நாட்களாகக் கறவை மாட்டின் பால் கசக்கிறது. இச்செடி காரணமாக இருக்குமா? பிடுங்கிய செடிகளை எருக்குழியில் போடலாமா?

பதில்: பால் கசப்பதற்கு இச்செடி காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மாடுகள் பொதுவாக இதை விரும்பித் தின்பதில்லை. ஆனால் வரப்பில் அறுத்த புல்லோடு கலந்து வரும்போதோ, பசுந்தீவனம் அரிதான காலத்திலோ தின்றுவிடுகின்றன. செடியிலுள்ள பார்த்தீனின் என்னும் நச்சுப்பொருளே பாலில் கசப்பை உண்டாக்குகிறது. ஆகவே அறுத்த புல்லை உதறிப் பார்த்து, இச்செடியை நீக்கிய பிறகே மாட்டுக்குப் போடுங்கள். மாட்டின் வாயில் புண்ணோ, தோலில் தடிப்போ முடி உதிர்வோ தெரிந்தால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எருக்குழியைப் பற்றி நீங்கள் கேட்டதே இதில் முக்கியமானது. பூக்காத செடியைச் சாணக்கரைசலும் மண்ணும் இட்டு அடுக்கடுக்காக மட்கவைத்தால் நல்ல எருவாகும். பூத்த செடியை மட்டும் எருக்குழியில் போடவே கூடாது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கக்கூடியது என்பதாலும், நம் வீட்டு எருக்குழி எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சூடேறுவதில்லை என்பதாலும், பிழைத்த விதைகளை அடுத்த பருவத்தில் நீங்களே எருவோடு காடு முழுவதும் தூவியது போலாகிவிடும். அத்தகைய செடிகளைக் காயவைத்து ஓரிடத்தில் எரித்துவிடுங்கள்.

முளைத்த 4 முதல் 6 வாரங்களுக்குள் இது பூத்துவிடும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூ வருமுன் வேரோடு பிடுங்குவதே சிறந்த வழி. தரைமட்டத்தில் அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். ஒரு மழைக்குப் பிடுங்கியதோடு நிறுத்தாமல், அடுத்த மழைக்கு முளைப்பவற்றையும் விடாமல் பிடுங்க வேண்டும்.

தனிச்சோளத்துக்கு அட்ரசின் என்னும் களைக்கொல்லி பரிந்துரைக்கப்படுகிறது என்றாலும், தட்டைப்பயறு கருகிவிடும் என்பதால் உங்கள் காட்டில் அதைத் தெளிக்காதீர்கள். கைக்களையும் கொத்துமே போதும். பயிரில்லாத பாதையோரத்தில் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, சிறிது சோப்புக்கரைசல் சேர்த்து, செடி நன்றாக நனையும்படி வெயில் நேரத்தில் தெளிக்கலாம். உப்பு மண்ணைக் கெடுக்கும் என்பதால், விளைநிலத்துக்கு இம்முறை ஆகாது.

தரிசில் மழைக்கு முன் தகரை விதையைத் தூவினால், அது அடர்ந்து வளர்ந்து பார்த்தீனியத்தை அமுக்கிவிடும். 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிகோ வண்டும் பார்த்தீனியத்தின் இலைகளைத் தின்று அழிக்கிறது. ஆனால் அது மழைக்காலத்தில்தான் பெருகும், வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கிவிடும். எனவே அதை மட்டும் நம்பியிருக்க இயலாது. இலைகளில் அவ்வண்டுகளைக் கண்டால் அங்கே எந்த மருந்தும் தெளிக்க வேண்டாம்.

களை பிடுங்குவோர் வெறுங்கையால் தொடக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். தொடர்ந்து தொடுவோருக்குத் தோல் தடித்து, ஆண்டுக்கணக்கில் ஆறாத அரிப்பு வருவதுண்டு. மகரந்தம் மூச்சிரைப்பையும் தூண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூடும் துணி ஆகியவற்றைக் கூலியாட்களுக்கு நீங்களே கொடுங்கள். ஏற்கெனவே அரிப்பு உள்ளவரை இவ்வேலைக்கு அழைக்காதீர்கள்.