4ஜி ரவுட்டரில் போர்ட் திறந்தும் கமரா தெரியவில்லையா?

வட்டக்கச்சி வீட்டு 4ஜி ரவுட்டரில் கமராப் படம் வரும் 554 போர்ட்டைத் திறந்துவிட்டும் வவுனியாவிலிருந்து படம் வரவில்லை என்றால், அந்த போர்ட்டோடு இனி மினக்கெடாதீர்கள். ரவுட்டரே வெளியே போய் இணைகிற விபிஎன்தான் (இணையத்தின் ஊடாகப் போடும் தனிப்பட்ட பாதை) வழி.

காரணம் அநேகமாக சிஜிநாட். சிம் இணைப்பில் ஒரே பொது ஐபியைப் பல பேருக்குப் பங்கிடுவார்கள். வெளியிலிருந்து வருவது உங்கள் ரவுட்டர்வரை வந்தே சேராது.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபியை, அதாவது சிம் இணைப்பு ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். 10 இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ சந்தேகமே இல்லை.

அப்படியென்றால்:

1. பொது ஐபி உள்ள சின்ன வாடகை சர்வரில் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு, ரவுட்டரையும் போனையும் அதில் இணையுங்கள். ரவுட்டர் பக்கம் இணைப்பு அறாமல் இருக்க பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 செக்கன்.

2. சர்வரில் ரவுட்டருக்கான அலவுட் ஐபி பட்டியலிலும் (விபிஎன் வழியே போகவேண்டிய முகவரிகள்) போனிலேயே உள்ள அதே பட்டியலிலும் கமராக்களின் வலையமைப்பைச் சேருங்கள். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்: விபிஎன் இணைந்ததாகக் காட்டும், படம் மட்டும் வராது.

3. இரண்டு வீட்டிலும் உள் வலையமைப்பு முகவரி 192.168.1 என்றால் மோதும். வட்டக்கச்சியை 192.168.50 ஆக்குங்கள்.

உங்கள் ரவுட்டரில் வயர்கார்ட் கிளையண்ட் இல்லாவிட்டால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று போதும். அப்போது ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட்டோ (விபிஎன் முகவரிகளுக்குப் பை வழியே போகச் சொல்லும் நிரந்தர வழி), பையில் நாட்டோ (முகவரியை மாற்றி அனுப்புவது) வேண்டும்.

டேட்டா கவனம். 2 எம்பிபிஎஸ் படம் மணிக்குச் சுமார் 0.9 ஜிபி தின்னும். போனில் சப் ஸ்ட்ரீமை, அதாவது கமராவின் தரம் குறைந்த சிறிய படத்தைப் பாருங்கள். திறந்த 554-ஐயும் மூடிவிடுங்கள்.