வாசகர் கேள்விகள்: அடுத்தவர் வீட்டு விவகாரம்

கேள்வி (வாசகி, பட்டர்வொர்த்): எம்.பி.க்கள் வெளிநாட்டு மாநாடுகளில் இனப் பிரச்சினை பற்றிப் பேசுகிறார்களே, அதனால் எதாவது தீர்ந்திருக்கிறதா? இல்லை, மக்கள் காசில் ஊர்சுற்றலா?

பதில்: ஊர்சுற்றலும் உண்டம்மா. நிருபராக இருந்தபோது அந்த மாநாட்டுச் சாப்பாட்டை நானும் சாப்பிட்டிருக்கிறேன். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் நாடாளுமன்றங்களுக்கென்று 1977-இல் தொடங்கிய அமைப்பு, எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானம் போடும். அப்படி வரும் வாசகத்தில் உப்பும் இருக்காது, காரமும் இருக்காது.

ஆனால் நாடாளுமன்றத்தை விட்டுவிட்டும் எதுவும் தீராது. அதை எனக்குக் காட்டியது மிண்டனாவ். தெற்கு பிலிப்பீன்ஸில் இருக்கும் அந்தத் தீவின் மோரோ முஸ்லிம் போராளிகளுக்கும் மணிலா அரசுக்கும் நடுவில் நம் மலேசியா உட்கார்ந்து பல வருடம் பேச வைத்தது. நில உரிமை ஒப்பந்தத்துக்கு 2008 ஆகஸ்ட் 5 அன்று கோலாலம்பூரில் கையெழுத்தாக இருந்தது. இரண்டு நாள் முன்பே செய்தியைப் பாதி எழுதி வைத்துவிட்டேன். ஆகஸ்ட் 4 அன்று பிலிப்பீன்ஸ் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. என் பாதிச் செய்தி இன்னும் அலமாரியில் கிடக்கிறது. அங்கே சண்டை மறுபடி மூண்டு, லட்சக்கணக்கானோர் வீட்டை விட்டு ஓடினார்கள்.

2014 மார்ச்சில் மணிலாவில் முழு உடன்படிக்கை கையெழுத்தானது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஜனவரியில் மிண்டனாவின் மாமசபானோவில் போராளிகளுடன் நடந்த மோதலில் 44 சிறப்புப் போலீஸார் இறந்ததும், பிலிப்பீன்ஸ் நாடாளுமன்றமான காங்கிரசில் மோரோ மக்களுக்கான தன்னாட்சி மசோதா படுத்துவிட்டது. அது எழுந்து சட்டமானது 2018 ஜூலையில். நம்மூரில் எத்தனை வருடம் பேசினாலும், கை தூக்க வேண்டியவர்கள் மணிலாவில் இருந்தார்கள்.

கேள்வி (வாசகர், ஜெலுத்தோங்): 'உள்நாட்டு விவகாரம்' என்று ஆசியான் ஒதுங்குகிறது. மியன்மாரின் ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு மட்டும் மலேசியா எப்படிக் குரல் கொடுத்தது? ஈழத் தமிழருக்கு ஏன் இல்லை?

பதில்: தலையிடக் கூடாது என்பது ஆசியான் சாசனத்திலேயே இருக்கிறது. இருந்தும் 2017 செப்டம்பரில் ரோஹிங்கியாக்கள் வாழும் ராக்கைன் மாநிலம் பற்றி ஆசியான் தலைமை விட்ட அறிக்கையில் மலேசியாவுக்கு உடன்பாடில்லை என்று வெளியுறவு அமைச்சர் அனிபா அமான் பகிரங்கமாகச் சொன்னார். அந்த அறிக்கையில் 'ரோஹிங்கியா' என்ற சொல்லே கிடையாது. இங்கே அகதிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், உள்ளூரில் ஓட்டும் இருந்தது. தலையிடாமை என்ற வேலி வளைந்தது.

இலங்கை ஆசியானில் இல்லை, அந்த வேலியே அங்கு கிடையாது. ஆனாலும் 2012-இல் ஜெனீவா மனித உரிமை மன்றத்தில் இலங்கை மீதான தீர்மானத்துக்கு மலேசியா ஆதரவும் தரவில்லை, எதிர்க்கவும் இல்லை, நடுவில் நின்றுகொண்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிள்ளான் எம்.பி.யாக இருந்த சார்ல்ஸ் சந்தியாகோ ஒருகாலத்தில் தலைமை வகித்த ஆசியான் எம்.பி.க்கள் மனித உரிமைக் குழுவில், உறுப்பினர்கள் தனித்தனி ஆட்களாகத்தான் சேர்கிறார்கள். நாட்டின் அனுமதிக்குக் காத்திருக்காமல் பேசலாம். உங்கள் ஒய்பி, அதாவது உங்கள் தொகுதி எம்.பி., அதில் இருக்கிறாரா என்று அடுத்த விருந்தில் கேட்டுப் பாருங்கள்.