அப்பாவுக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமா?

லண்டனிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அப்பாவுக்கு 72 வயது. நுரையீரல் புற்றுநோய். இனி சிகிச்சை இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதியோர் பராமரிப்புக்கு அரசு தரும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் உதவித்தொகை வாங்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமாமே? அப்பாவிடம் நாங்கள் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை."

காத்திருக்க வேண்டாம் அம்மா. இந்த வாரமே விண்ணப்பியுங்கள். ஆறு மாதக் காத்திருப்பு மற்றவர்களுக்குத்தான். நோயாளி 12 மாதங்களுக்குள் இறந்துவிடக்கூடும் என்று மருத்துவர் கருதினால் 'சிறப்பு விதிகள்' பொருந்தும். முன்பு அந்த வரம்பே ஆறு மாதமாகத்தான் இருந்தது. இந்த உதவித்தொகைக்கு 2023 ஏப்ரலில் அதை 12 மாதமாக்கினார்கள்.

முதலில் வேண்டியது, நோயாளியின் நிலையை உறுதிசெய்யும் எஸ்ஆர்1 என்ற மருத்துவப் படிவம். ஜிபி என்கிற குடும்ப மருத்துவர், ஆஸ்பத்திரி மருத்துவர், ஹாஸ்பிஸ் என்கிற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தின் மருத்துவர், புற்றுநோய் நர்ஸ் என யார் வேண்டுமானாலும் நிரப்பித் தரலாம், கட்டணம் இல்லை. அப்பாவை அடிக்கடி பார்க்கிற நர்ஸிடம் கேட்பதுதான் சுலபம். கேட்க வாய் வராது, தெரியும். "அப்பாவுக்கு எஸ்ஆர்1 தருவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள், அவர்களுக்குப் புரிந்துவிடும். கேட்டுவிட்டதால் அப்பாவைக் கைவிட்டதாக ஆகாது.

அப்புறம் விண்ணப்பம். சிறப்பு விதிகளின் கீழ் கேட்கிறோம் என்று அதில் குறித்துவிட்டால், குளிக்க முடிகிறதா, உடுத்த முடிகிறதா என்று துருவித் துருவிக் கேட்கும் பக்கங்களை நிரப்பத் தேவையில்லை. உயர் விகிதமே கிடைக்கும்: 2025-26இல் அது வாரம் 110.40 பவுண்டாக இருந்தது. வருமானமும் சேமிப்பும் பார்ப்பதில்லை.

அப்பாவுக்குத் தெரியாமலே அவர் சார்பில் நீங்கள் விண்ணப்பிக்கலாம், விதியே அனுமதிக்கிறது. ஆனால் கடிதம் அவர் பெயருக்குத்தான் வரும். சிறப்பு விதிகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. இருந்தாலும் உறையைப் பிரித்ததும் "இது என்ன பணம்?" என்று கேட்பாரே! அதற்கு என்ன சொல்வது என்பதை வீட்டில் எல்லோரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

12 மாதம் தாண்டியும் அப்பா நம்மோடு இருந்தால், இருக்கட்டும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பொதுவாக மூன்று வருடத்துக்குத் தருவார்கள்.

ஊரிலிருந்து அண்மையில் வந்தவர் என்றாலும் கவலை வேண்டாம். கடைசி மூன்று வருடத்தில் இரண்டு வருடம் பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சிறப்பு விதிகளின் கீழ் விண்ணப்பிப்பவர்களுக்கு இல்லை. விசாவில் 'பொது நிதி கிடையாது' (அதாவது அரசு உதவித்தொகைகள் கிடையாது) என்று இருந்தால் மட்டும், விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள். கடந்துபோன வாரங்களுக்குப் பணம் வராது. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் உதவி எண்ணுக்கு அழைத்து விண்ணப்பப் படிவம் கேட்டால், அழைத்த நாளே விண்ணப்பித்த நாளாகும், ஆறு வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். நாளைக் காலையிலேயே அழையுங்கள்.