பாட்டி தன் பிறப்பைப் பற்றிச் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

சிங்கப்பூரில் 1940களின் தொடக்கத்தில் பிறந்த பாட்டியின் இளவயதுக் கதையைப் பதிவு செய்ய எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பிறப்பிலிருந்தே தொடங்குங்கள். ஆனால் மூன்று வயதுக்கு முந்தைய சம்பவங்கள் பொதுவாக யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. பாட்டி சொல்லப்போவது அவருடைய அம்மாவோ அத்தையோ சொல்லிக் காதில் விழுந்த கதை. அதனால் மதிப்புக் குறையாது. "இதை யார் சொன்னாங்க பாட்டி?" என்று மட்டும் கூடவே கேட்டுவிடுங்கள்.

தேதிக்காக அவரை நச்சரிக்க வேண்டாம். "ஜப்பான்காரன் வந்தப்போ நான் கைக்குழந்தை" என்றால் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்த 1942 பிப்ரவரியை ஒட்டிக் கணக்குப் போடலாம். அப்புறம் வீட்டுக்குள் போங்கள். பாட்டியின் அப்பாவுக்கு வேலை துறைமுகத்திலா, செம்பவாங் கடற்படைத் தளத்திலா? பிரசவம் பார்த்தது யார்? அரிசித் தட்டுப்பாட்டில் மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாக இருந்த காலத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு எப்படிக் கிடைத்தது? என்னைக் கேட்டால், இந்த ஒரு கேள்விக்கே குடும்பத்தின் நிலைமை முழுக்க வெளியே வந்துவிடும்.

முடிந்தால் அடுத்த தலைமுறையின் பிறப்பைப் பற்றியும் கேளுங்கள். 1966இல் மட்டும் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன, அது கின்னஸ் சாதனை. அந்தக் கூட்டத்தில் பிள்ளை பெற்ற அனுபவம் பாட்டிக்கே இருக்கலாம். அது அவருடைய சொந்த நினைவு.

தொடங்குமுன் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கொஞ்சம் கேளுங்கள். 1979 முதல் சேகரிக்கிறார்கள், தமிழிலும் பேட்டிகள் இருக்கின்றன.