ராபர்ட் ஸ்மால்ஸ்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் அதிகம் அறியப்படாத அரசியல்வாதிகளைப் பற்றி நீங்கள் பேசிய உரையைக் கேட்டேன். ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. தேடிப் படித்தேன். கப்பலோடு தப்பித்த கதை அபாரம். ஆனால் அதற்கப்புறம் என்ன? ஐந்து தடவை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உட்கார்ந்தும் பெயர் சொல்லும்படி ஒரு சட்டம் கொண்டுவரவில்லை. லஞ்ச வழக்கில் தண்டனை வேறு. கடைசியில் சொந்த ஊரில் சுங்க அதிகாரி. லிங்கனைப் படித்தாலே அந்தக் காலம் புரிந்துவிடுகிறதே. இந்த மாதிரி ஆட்களைத் தேடிப் படிப்பதில் தகவல் சேர்ப்பதைத் தாண்டி என்ன இருக்கிறது? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

லிங்கனைப் படித்தால் அடிமைகளுக்கு விடுதலை எப்படி வந்தது என்று தெரியும். வந்த விடுதலையை அடுத்த முப்பது ஆண்டுகளில் எப்படித் திரும்பப் பிடுங்கினார்கள் என்பது லிங்கனின் வாழ்க்கையில் கிடையாது. அவரை 1865லேயே கொன்றுவிட்டார்கள். அந்த இரண்டாம் பாதி ஸ்மால்ஸின் வாழ்க்கையில்தான் இருக்கிறது, தேர்தல் தேர்தலாக. நீங்கள் 'அதற்கப்புறம் என்ன' என்று கேட்கிற பகுதிக்காகத்தான் நான் அவரைப் படிக்கச் சொல்கிறேன்.

இருந்தாலும் கப்பலிலிருந்தே தொடங்குகிறேன். அவர் பின்னாளில் எப்படிப்பட்ட அரசியல்வாதியானார் என்பது அங்கேயே தெரிகிறது. தென் கரோலினாவில் போஃபர்ட் என்ற சிறு துறைமுக ஊரில் 1839ல் அடிமையாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டன் நகரத்துக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டார். சம்பளத்தின் பெரும்பகுதி எஜமானருக்குப் போய்விடும். மனைவி ஹன்னாவையும் மகளையும் விலை கொடுத்து மீட்க 800 டாலர் கேட்டார்கள். அவரால் சேர்க்க முடிந்தது 100 டாலர். அடிமை முறையைக் காக்க நின்ற தெற்குக்கும் வடக்குக்கும் உள்நாட்டுப் போர் வந்ததும், தெற்குப் படையின் 'பிளான்டர்' என்ற நீராவிக் கப்பலில் சுக்கான் பிடிக்கும் வேலை. துறைமுகத்தின் ஒவ்வொரு மணல்திட்டும், கண்ணிவெடி வைத்த ஒவ்வொரு இடமும் அவருக்கு அத்துப்படி.

1862 மே 13 விடியும் முன்பு, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போயிருந்த நேரம், கப்பலைக் கிளப்பினார். வழியில் ஒரு துறையில் காத்திருந்த குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவரைப் போலவே நின்றார். ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் வழக்கமான விசில் சைகையைக் கொடுத்தார். சம்டர் கோட்டையின் பீரங்கி எட்டாத தூரம் வந்ததும் வெள்ளைத் துணியை ஏற்றி, வடக்குப் படையின் முற்றுகைக் கப்பலிடம் போய்ச் சேர்ந்தார். பிடிபட்டால் எல்லோருமாகக் கப்பலோடு மூழ்கிவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். அப்போது அவருக்கு வயது 23.

துணிச்சலைவிட எனக்கு இதில் பெரிதாகப் படுவது ஆயத்தம்தான். மாதக்கணக்கில் கவனித்து, யாருக்கும் சந்தேகம் வராமல் ஆட்களைச் சேர்த்து, சரியான இரவுக்காகக் காத்திருந்திருக்கிறார். கொண்டுபோனதும் வெறும் கப்பல் அல்ல. அதில் பீரங்கிகளும் சைகைக் குறிப்புப் புத்தகமும் இருந்தன. எந்தப் பாதுகாப்பு நிலையிலிருந்து தெற்குப் படை விலகிவிட்டது என்ற செய்தியையும் கையோடு கொண்டுபோனார். அந்த ஆகஸ்டில் வாஷிங்டன் போய் லிங்கனையும் போர் அமைச்சர் ஸ்டான்டனையும் சந்தித்தார். கருப்பின மக்களில் 5,000 பேர் வரை படையில் சேர்த்து ஆயுதம் கொடுக்கலாம் என்ற உத்தரவுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார். நீங்கள் படித்த லிங்கன் அந்த முடிவுக்கு வருவதற்குப் பின்னால் இப்படிச் சிலரும் இருந்தார்கள்.

இனி 'அதற்கப்புறம்'.

அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது தென் கரோலினாவில் குற்றம். 1834லேயே அதற்குச் சட்டம் போட்டிருந்தார்கள். ஸ்மால்ஸ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதே தப்பித்த பிறகுதான். கப்பல் வேலையாக ஃபிலடெல்ஃபியாவில் தங்கியிருந்தபோது ஆசிரியர் வைத்துப் படித்தார். போர் முடிந்து மாநிலத்துக்குப் புது அரசியல் சாசனம் எழுத 1868ல் மாநாடு கூடியது. அதன் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் கருப்பினத்தவர். அங்கே ஸ்மால்ஸ் கொண்டுவந்த தீர்மானம், எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வேண்டும் என்பது. அந்தச் சாசனத்தில்தான் தென் கரோலினாவுக்கு முதல்முறையாக மாநிலம் முழுவதற்குமான இலவசப் பொதுப்பள்ளி ஏற்பாடு கிடைத்தது. வெள்ளை ஏழைகளின் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். முப்பது வயதுகூட ஆகாதவர், தான் எழுத்துக் கற்ற நாலு வருஷத்துக்குள் செய்த காரியம் இது. 'பெயர் சொல்லும்படி ஒரு சட்டம்' என்று கேட்டீர்களே, காங்கிரஸில் மட்டும் தேடியதால் இது உங்கள் கண்ணில் படவில்லை. அமெரிக்காவில் பள்ளி, வாக்குரிமை, சிறை, திருமணம் எல்லாம் மாநிலத்தின் கையில். அதனால் மாநில மன்றங்களில் உழைத்தவர்களின் பெயர் தேசிய வரலாறுகளில் அடிபட்டுப் போகிறது.

ஒரு வீட்டுக் கதையும் உண்டு. போஃபர்ட்டில் பிரின்ஸ் தெரு 511ஆம் எண் வீடு ஒருகாலத்தில் அவருடைய எஜமானரின் வீடு. அதன் பின்கட்டில்தான் ஸ்மால்ஸ் பிறந்தார். போர்க்கால வரி கட்டாமல் ஏலத்துக்கு வந்த அந்த வீட்டை அவர் வாங்கினார். பிற்பாடு பழைய உரிமையாளர் வழக்குப் போட, அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1878ல் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பானது. அவர் ஒருவருடைய வீடு மட்டும் அல்ல விஷயம். அந்தக் கடற்கரைத் தீவுகளில் அதே வரி ஏலத்தில் நிலம் வாங்கிய, முன்பு அடிமைகளாக இருந்த பலருடைய பட்டாவும் அந்தத் தீர்ப்பில்தான் நிலைத்தது. ஸ்மால்ஸுக்குக் கடைசி வரை விடாமல் வாக்களித்தவர்கள் இந்த மக்கள். சொந்த நிலம் இருந்ததால் பண்ணை முதலாளியின் மிரட்டலுக்கு அவர்கள் பணிய வேண்டியிருக்கவில்லை. மற்ற மாவட்டங்கள் விழுந்த பிறகும் போஃபர்ட் தாக்குப்பிடித்ததற்கு இதுதான் அடிப்படை என்பது என் கணிப்பு.

1875ல் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போனார். அடுத்த ஆண்டு ஜூலையில் அவருடைய மாநிலத்தில் ஹாம்பர்க் என்ற ஊரில் கருப்பினக் காவல்படையை ஒரு வெள்ளைக் கும்பல் தாக்கியது. சரணடைந்தவர்களில் சிலரைத் தனியே பிரித்துச் சுட்டுக் கொன்றது. நேரில் பார்த்த ஒருவரின் கடிதத்தை ஸ்மால்ஸ் சபையில் படித்தார். எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்டார். இன்னொரு கருப்பினத்தவரைக் கொல்வதற்காகவா, என்னிடமிருந்து அந்தப் பெயர் வராது என்று பதில் சொன்னார். தென் கரோலினாவிலிருந்து மத்தியப் படையை விலக்கக் கூடாது என்பதுதான் அன்று அவர் கேட்டது. 1877ல் அதிபர் ஹேஸ் தெற்கின் அரசுகளுக்குக் காவலாக இருந்த மத்தியப் படைகளைப் பாசறைக்குத் திருப்பி அனுப்பினார். அந்த ஆண்டே மாநில ஆட்சி வெள்ளையர் ஆதிக்கத்தை விரும்பியவர்கள் கைக்குப் போய், எல்லாம் மாறியது.

லஞ்ச வழக்கு வந்ததும் அந்த 1877லேயேதான். மாநில செனட்டின் அச்சுக்குழுத் தலைவராக இருந்தபோது 5,000 டாலர் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. மூன்றாண்டு கடுங்காவல் தண்டனை விதித்தார்கள். அந்த அச்சு ஒப்பந்தங்களில் ஊழல் நடந்தது உண்மை, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த வழக்கு எப்படி நடந்தது என்பதையும் பாருங்கள். ஆட்சி கைமாறியவுடன், தோற்ற கட்சிக்காரர்கள் மேல் வரிசையாகப் போடப்பட்ட வழக்குகளில் இதுவும் ஒன்று. முக்கிய சாட்சி, அதே ஊழலில் சிக்கி ஓடிப்போய், தன் மேல் நடவடிக்கை இல்லை என்ற வாக்குறுதியோடு திரும்பி வந்தவர். 1879ல் ஆளுநர் ஸ்மால்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார். அதற்கு ஈடாக, தேர்தல் வன்முறைக்காக வெள்ளையர் மேல் இருந்த மத்திய வழக்குகள் கைவிடப்பட்டன. அதாவது அவருடைய தண்டனையைப் பண்டமாற்றுப் பொருளாக வைத்திருந்தார்கள். நீதி மேல் அக்கறை உள்ளவர்கள் தண்டனையை இப்படி விற்க மாட்டார்கள். 'லஞ்சத்தில் தண்டிக்கப்பட்டவர்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே போகிற வரலாறுகள் எனக்கு ஏற்புடையவை அல்ல.

அந்த வழக்கு நிழலாகத் தொடரும்போதே தேர்தலில் நின்றார். 1878 பிரச்சாரத்தில் கில்லிசன்வில் என்ற ஊரில் 'செஞ்சட்டை' எனப்பட்ட ஆயுதக் கும்பல் அவர் கூட்டத்தைச் சூழ்ந்தது. அவரும் சிலரும் ஒரு கடைக்குள் அடைந்துகொள்ள, சுற்றுவட்டாரக் கருப்பின மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு திரண்டு வந்த பிறகுதான் தப்பித்தார். அந்தத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் ஜார்ஜ் டில்மன். 1880லும் அவரே ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஸ்மால்ஸ் சபையில் முறையிட்டு, 1882 ஜூலையில்தான் அந்த இடத்தைப் பெற்றார். கிட்டத்தட்ட பதவிக்காலமே முடியப்போகிற சமயம். நீங்கள் சொன்ன 'ஐந்து தடவை'யில் இதுவும் ஒரு தடவை. இப்படி உட்கார்ந்தவரிடம் எத்தனை சட்டம் கொண்டுவந்தீர்கள் என்று கேட்பது நியாயமா? இத்தனைக்கும் போர்ட் ராயல் துறைமுகத்தில் கடற்படைத் தளம் அமையப் பாடுபட்டவர் அவர்.

1882ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. எட்டுப் பெட்டிச் சட்டம் என்பார்கள். ஒவ்வொரு பதவிக்கும் தனி வாக்குப் பெட்டி. தவறான பெட்டியில் போட்ட சீட்டு செல்லாது. பெட்டி மேல் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் வாக்கு வீண். இனத்தின் பெயரே அந்தச் சட்டத்தில் இல்லை. முப்பது ஆண்டுகள் எழுத்தைத் தடை செய்து வைத்திருந்தவர்கள், எழுத்துத் தெரியவில்லை என்று வாக்கைப் பறித்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதையும் தாண்டிப் போஃபர்ட் மக்கள் அவரை அனுப்பினார்கள். 1886ல் தோற்றார். அதன்பின் அவர் பேசியதில் முக்கியமானது 1895 மாநாட்டுப் பேச்சு. 1868 சாசனத்தை ஒழிப்பதற்கென்றே ஜார்ஜின் தம்பி பென் டில்மன் கூட்டிய மாநாடு அது. ஹாம்பர்க் கொலையில் தன் பங்கைப் பெருமையாகப் பேசித் திரிந்தவர் அந்த பென் டில்மன், அப்போது செனட்டர். 160 உறுப்பினர்களில் கருப்பினத்தவர் ஆறு பேர், ஐவர் போஃபர்ட்டிலிருந்து. கருப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த மாநிலத்தின் நிலவரம் இது. வாக்களிக்க வேண்டுமானால் சாசனத்தின் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று விதி எழுதினார்கள். விளங்கியதா இல்லையா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி. கூடவே தலைவரியும் கட்டியிருக்க வேண்டும்.

தன் இனத்துக்குத் தனிச் சலுகை எதுவும் தேவையில்லை, வாழ்க்கைப் போராட்டத்தில் சம வாய்ப்பு ஒன்று போதும் என்று ஸ்மால்ஸ் அங்கே வாதாடினார். இரு இனத்தவர் மணம் செய்வதைத் தடை செய்யும் பிரிவு வந்தபோது, கருப்பினப் பெண்ணோடு வாழும் வெள்ளையன் எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது, பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் பெயரும் சொத்துரிமையும் வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். மன்றத்தில் இருந்த பலருக்கு முகம் வெளுத்திருக்க வேண்டும். திருத்தத்தைத் தோற்கடித்தார்கள். கடைசியில் சாசனத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். கையெழுத்தில்லாமல் பயணப்படி கிடையாது என்றதற்கு, ஊருக்கு நடந்தே போகிறேன் என்றாராம். அந்தச் சாசனத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விடவும் இல்லை. 1896 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது.

சுங்க அதிகாரி பதவியைச் சிறியதாகச் சொல்லியிருந்தீர்கள். மாநிலம் கைவிட்ட பிறகு மத்திய அரசின் நியமனம் ஒன்றுதான் அவர் மாதிரி ஆட்களுக்கு மிஞ்சியது. 1913ல் அதிபர் வில்சனின் ஆட்சி வந்ததும் அதுவும் போயிற்று. 1915 பிப்ரவரியில் அதே பிரின்ஸ் தெரு வீட்டில் இறந்தார்.

ஸ்மால்ஸோடு நிறுத்த வேண்டாம் என்றும் சொல்வேன். தென் கரோலினாவிலிருந்து அவருக்குப் பின் காங்கிரஸுக்குப் போன ஜார்ஜ் வாஷிங்டன் மரே, விவசாயக் கருவிகளுக்குக் காப்புரிமை பெற்றவர். 1894ல் கருப்பினக் கண்டுபிடிப்பாளர்களின் பட்டியலைச் சபையில் வாசித்துப் பதிவில் ஏற்றினார். 1897ல் அவர் பதவியை விட்டுப் போன பிறகு, 1993ல் ஜிம் கிளைபர்ன் வரும் வரை அந்த மாநிலத்திலிருந்து ஒரு கருப்பினத்தவர் கூடக் காங்கிரஸுக்குப் போகவில்லை. வட கரோலினாவின் ஜார்ஜ் ஹென்றி வைட் 1900ல் கும்பல் கொலையை மத்தியக் குற்றமாக்க மசோதா கொண்டுவந்தார். குழுவிலேயே அதைக் கிடப்பில் போட்டார்கள். அந்தக் குற்றத்துக்கென மத்தியச் சட்டம் 2022ல்தான் வந்தது. 1901 ஜனவரி 29 அன்று அவர் ஆற்றிய விடைபெறும் உரையில், இது தற்காலிகமான விடைபெறல்தான், என் மக்கள் ஒருநாள் திரும்பி வருவார்கள் என்றார். அவருக்குப் பின் 1929 வரை அந்தக் காங்கிரஸில் ஒரு கருப்பின உறுப்பினர்கூட இல்லை.

நேரம் கிடைத்தால் வைட்டின் அந்த உரையை முழுதாகப் படியுங்கள். விவசாய நிதி மசோதா விவாதத்துக்குள் புகுத்திப் பேசியது என்பதால் தொடக்கம் சற்று வறட்சியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 1895 மாநாட்டில் ஸ்மால்ஸ் பேசியது. இரண்டையும் படித்த பிறகும் லிங்கன் ஒருவரே போதும் என்று தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.

அன்புடன்